எழுதியவர் திரும்பக் கூடாது

ஜன்னலோரம் நீங்களே உட்காருங்கண்ணே. எனக்கு வேடிக்கை பார்க்குற பழக்கம் இல்லை, கேட்குற பழக்கம்தான். ஏறி ரெண்டு நிமிஷம் ஆகல, கண்டக்டர் குரலைப் பிடிச்சுட்டேன். கேளுங்க: "படியில நிக்காத, உள்ள போ, உள்ள போ, உள்ள கிரிக்கெட்டே ஆடலாம்... யம்மா, அந்தக் கூடையை மடியில வை, அது என்ன கலெக்டரா, சீட்ல உக்காந்து வர?" பார்த்தீங்களா, திரும்பித் தேடுறார். தன் குரல் தனக்குத் தெரியாம எப்படிப் பின்சீட்டுக்குப் போச்சுன்னு அந்த மனுஷனுக்குப் புரியல. பாதி மூக்கு, பாதி தொண்டை. அவ்வளவுதான் அவர்.

என் பேரு யுகேந்திரன். அந்தப் பேரைச் சொல்லி எங்க ஊர்ல விசாரிச்சா யாருக்கும் தெரியாது. ரேடியோன்னு கேட்டா வீடு வரைக்கும் கொண்டுவந்து விடுவாங்க. ப்ளஸ் டூ படிக்கிறேன். இன்னைக்கு லீவு போட்டுட்டு உத்தமபாளையம் கோர்ட்டுக்குப் போறேன். நகர்ந்து உட்காராதீங்கண்ணே, நான் குற்றவாளி இல்லை. சாட்சி. வக்கீலே கூப்பிட்டுச் சொல்லியிருக்கார், "தம்பி, நீ வந்தாத்தான் நம்ம பக்கம் நிக்கும், புரியுதா, புரியணும்." அவர் எல்லாத்துக்கும் "புரியுதா, புரியணும்" போடுவார். டீக்கடைக்காரர்கிட்டயும் அப்படித்தான்: "சக்கரை கம்மி, புரியுதா, புரியணும்."

என்ன கேஸுன்னுதானே பார்க்குறீங்க? கருத்துச் சொன்ன கேஸு. நெசமாத்தான். ஒரு பொண்ணு கதை எழுதினா, நான் கருத்துச் சொன்னேன், அது கோர்ட்டுல நிக்குது. இதுவரைக்கும் ஒருத்தர் எனக்கு நன்றி சொல்லலை. ஆண்டு விழாவுல என் மிமிக்ரியையும் தூக்கிட்டாங்க. அஞ்சு வருஷமா நான்தான் கடைசி நிகழ்ச்சி. இந்த வருஷம் அந்த இடத்துல யோகாவாம்.

முதல்லருந்து சொல்றேன். கதைன்னா முதல்லருந்து சொல்லணும், இல்லைன்னா கேட்குறவங்க அலைவாங்க. இது எஸ்தர் மிஸ் சொல்லிக் குடுத்தது.

எஸ்தர் மிஸ் எங்க தமிழ் டீச்சர். சின்னதா ஒரு செருமல், அப்புறம் "சொல்லு கண்ணு". எல்லாரும் அவங்களுக்குக் கண்ணுதான். ஒருநாள் ஹெட்மாஸ்டரையே வாய் தவறிக் கண்ணுன்னு கூப்பிட்டுட்டாங்க, அவர் வெட்கப்பட்டு ரெண்டு நாள் அவங்க வகுப்புப் பக்கமே வரல. அவங்க வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்ல ஒரு கூட்டம் நடத்துவாங்க. கதை, கவிதை எழுதுற பிள்ளைங்க வாசிக்கணும், மத்தவங்க கருத்துச் சொல்லணும். நான் எழுதுற ஆள் இல்லை. ஆனா கருத்து எங்கிட்ட நிறைய இருந்துச்சு.

அந்தக் கூட்டத்துல சில சட்டம் உண்டு. "நல்லாருக்கு"ன்னு மட்டும் சொல்லக் கூடாது. "நல்லாருக்குன்னா நீ கேட்கலைன்னு அர்த்தம் கண்ணு. எது நல்லாருக்கு, எது நம்பும்படியா இல்லை, எப்படித் திருத்தலாம், அதைச் சொல்லு." அடுத்தது, எழுதி முடிக்காத கதையை வாயால யார்கிட்டயும் சொல்லக் கூடாது. "சொல்லிட்டா எழுதுறதுக்கு மிச்சம் இருக்காது கண்ணு." அப்புறம் முக்கியமான சட்டம்: வாசிச்சு முடிச்சதும் எழுதினவங்க நாற்காலியைக் கரும்பலகைப் பக்கம் திருப்பிப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்காரணும். எல்லாரும் பேசி முடிக்கிற வரைக்கும் திரும்பக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. "கதையைப் பார்த்துப் பேசுங்க, ஆளைப் பார்த்துப் பேசாதீங்க." முகத்தைப் பார்த்தா மனசு இளகிப் பொய் சொல்லுவோமாம்.

எனக்கு அந்த முதுகுச் சட்டம் ரொம்பப் பிடிக்கும்ணே. ஏன்னா முதுகைக் காட்டி உட்கார்ந்தவங்களுக்குக் குரல் மட்டும்தானே கேட்கும்? ஒரு பையன் பேய்க்கதை எழுதியிருந்தான். பேய் வந்து "உன்னை விடமாட்டேன்"னு சொல்லுது. நான் அதை ஹெட்மாஸ்டர் குரல்ல வாசிச்சேன், "ஃபீஸ் கட்டாம உன்னை விடமாட்டேன்." அந்தப் பையன் பதறி எந்திரிச்சு, கரும்பலகையைப் பார்த்து, "சார், திங்கட்கிழமை கட்டிர்றேன் சார்"ங்குறான்! மிஸ்ஸே சிரிச்சுட்டாங்க. அப்புறம் சொன்னாங்க, "ரேடியோ, நீ விளையாட்டாப் பண்ணினாலும் ஒரு விஷயம் இருக்கு கண்ணு. வசனம் உயிரோட இருக்கான்னு உன் வாயில போட்டுப் பார்த்தாத் தெரிஞ்சிருது." இதை அவங்கதான் சொன்னாங்க. மறந்துடாதீங்க. பின்னாடி எல்லாரும் மறந்துட்டாங்க.

இப்ப அந்தப் பொண்ணு. பேரு லோகிதா. என் வகுப்புதான். அதிகம் பேச மாட்டா. அவ அப்பா தவசி அண்ணன்தான் எங்க ஸ்கூல் வேன் டிரைவர், சொந்த வேன். காலையில எங்களையெல்லாம் அள்ளிப் போட்டுட்டு வருவார், சாயந்திரம் ஊர் ஊரா இறக்கி விடுவார். கடைசியா மிச்சம் இருக்குறது லோகிதா மட்டும். முன்சீட்டுல உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கிட்டே போவா.

தவசி அண்ணன் குரல்தான் என்னோட முதல் குரல்ணே. ஆறாவது படிக்கும்போதே பிடிச்சுட்டேன். நாக்கைத் தட்டி ஒரு "ப்ச்". அப்புறம் எதுக்கெடுத்தாலும் "ஒண்ணுமில்ல". டயர் வெடிச்சாலும், "ப்ச், ஒண்ணுமில்ல, எல்லாரும் இறங்குங்க." ஒரு பிள்ளை வாந்தி எடுத்தாலும், "ப்ச், ஒண்ணுமில்ல, மண்ணைப் போடு." அவர் முன்னாடியே செஞ்சு காட்டியிருக்கேன், வயித்தைப் பிடிச்சுச் சிரிப்பார். நல்ல மனுஷன்.

இன்னொருத்தன் மணிபாரதி. அவனும் அந்தக் கூட்டத்துல உண்டு. அவன் அப்பா திராட்சைத் தோட்டத்துல கூலிவேலை. போன வருஷம், நாங்க ப்ளஸ் ஒன் படிக்கும்போது, ஐப்பசி மழையில, இருட்டுற நேரம், வேலை முடிஞ்சு சைக்கிள்ல வந்தவரை எதோ வண்டி அடிச்சுப் போட்டுட்டுப் போயிருச்சு. ஓடைப் பாலத்துக்குப் பக்கத்துல. விடிஞ்சப்புறம்தான் பால்காரர் பார்த்தார். எந்த வண்டின்னு கடைசி வரைக்கும் தெரியல. ஆஸ்பத்திரியில, "அடிபட்ட உடனே போயிருப்பார், கஷ்டப்பட்டிருக்க மாட்டார்"னு அவன் அம்மாகிட்டச் சொன்னாங்களாம். அந்தம்மா அதையே சொல்லிக்கிட்டு இருப்பாங்க. பார்க்குறவங்ககிட்டயெல்லாம், "உடனே போயிட்டாராம், கஷ்டப்படலையாம்."

தவசி அண்ணன்தான் அந்த எழவுக்கு மாலையோட முதல் ஆளா வந்து நின்னார். அதுக்கப்புறம் மணிபாரதியை வேன்ல சும்மாவே ஏத்திக்கிட்டார். "ப்ச், ஒண்ணுமில்ல, ஏறு தம்பி." சொன்னேனே, நல்ல மனுஷன்.

தை பொறந்து ஒரு வெள்ளிக்கிழமை லோகிதா முதல் தடவையா ஒரு கதை கொண்டு வந்தா. "மழையில் ஒரு லாரி." மலைப்பாதையில ஒரு லாரி வருது. டிரைவரும் அவரோட சின்னப் பையனும். மழை. ஆடு மேய்க்கிற ஒருத்தர் குடையோட குறுக்க வந்துடுறார். லாரி இடிச்சுருது. டிரைவர் பயந்து கொஞ்ச தூரம் போயிடுறார். அப்புறம் பையன் அழுறான். டிரைவர் லாரியைத் திருப்பிக்கிட்டு வந்து, அடிபட்டவரைத் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறார். அவர் பிழைச்சுக்கிறார். கடைசியில ஒரு ஆட்டுக்குட்டியோட டிரைவர் வீட்டுக்கு வந்து நன்றி சொல்றார். முடிஞ்சது.

வாசிச்சுட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தா. நாங்க ரெட்டைச் சடையைத்தான் பார்த்தோம்.

நசீமா சொன்னா, "தலைப்பு வேற வைக்கலாம் மிஸ்." அவ எல்லாக் கதைக்கும் அதைத்தான் சொல்லுவா. அடுத்து மணிபாரதி. பேனா மூடியைத் திருகிக்கிட்டே இருந்தான். அப்புறம், "முடிவு நல்லாருக்கு மிஸ். அந்த ஆள் பிழைச்சது நல்லாருக்கு"ன்னான். மிஸ், "ஏன் நல்லாருக்கு, சொல்லு கண்ணு"ன்னு கேட்கல. சட்டப்படி கேட்கணும். கேட்காம கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. வகுப்பே எழவு வீடு மாதிரி ஆயிருச்சு. நீங்களே சொல்லுங்கண்ணே, நான் அங்க இருந்துக்கிட்டு வகுப்பு அப்படி இருக்கலாமா?

எந்திரிச்சேன். "மிஸ், எனக்கு ரெண்டு கருத்து இருக்கு. முடிவு நம்பும்படியா இல்லை. திரும்பி வர்ற டிரைவரை நான் பார்த்ததில்லை. திரும்பி வந்துட்டார்னா அப்புறம் என்னத்துக்குக் கதை? போயிட்டார்னாத்தான் கதை."

மிஸ், "ரேடியோ, இன்னைக்கு இது போதும்"னு மெதுவாச் சொன்னாங்க.

"ரெண்டாவது கருத்து மிஸ். வசனம். இடிச்ச உடனே லாரி டிரைவர் சொல்றார், 'ஐயோ இறைவா, ஓர் உயிரைப் பறித்துவிட்டேனே!' எந்த டிரைவர் மிஸ் இப்படிப் பேசுவார்? பக்கத்துல சின்னப் பையன் இருக்கான். அவனுக்குத் தெரியக் கூடாது. அப்ப என்ன சொல்லுவார்?"

அந்த நிமிஷம் எனக்கு எதுவும் யோசிக்க வேண்டியிருக்கலண்ணே. வாயில வந்து உட்கார்ந்துச்சு. தினமும் கேட்குற டிரைவர் குரல் ஒண்ணுதானே இருக்கு எங்களுக்கு? நாக்கைத் தட்டினேன்.

"ப்ச். ஒண்ணுமில்ல பாப்பா, நாய்தான். நீ வெளிய பார்க்காத, புஸ்தகத்தைப் பாரு."

கதையில பையன். நான் பாப்பான்னுட்டேன். பழக்கதோஷம், அவர் சின்னப் பிள்ளைங்களையெல்லாம் பாப்பான்னுதான் கூப்பிடுவார். வகுப்பே கொல்லுனு சிரிச்சுச்சு. அவ்வளவு நேரம் உம்முன்னு இருந்த நசீமா மேஜையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறா. அந்தச் சிரிப்புக்கு நடுவுல, கரும்பலகையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாளே லோகிதா, அவ திரும்பாமலே சொன்னா:

"நாய் இல்லப்பா. சைக்கிள் கெடக்குப்பா."

சின்னப் பிள்ளை குரல்ணே. நான் அவ குரலை எத்தனையோ தடவை செஞ்சு பார்த்திருக்கேன், அந்தக் குரலை அதுக்கு முன்னாடி கேட்டதே இல்லை. உடனே மனசுக்குள்ள ஒரு கருத்துக் குறிச்சு வச்சேன்: கதையில சைக்கிளே கிடையாது, ஆடு மேய்க்கிறவர் குடையோட நடந்துதானே வர்றார், திடீர்னு சைக்கிள் எங்கருந்து வந்துச்சு? இதைக் கேட்கணும்னு நினைச்சுக்கிட்டு இருக்கும்போதே அவ குனிஞ்சு வாந்தி எடுத்துட்டா.

மணிபாரதி எந்திரிச்சு நின்னான். அவ கிட்டப் போகல. ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தான். கீழ மைதானத்துல வேன் நிக்குது. தவசி அண்ணன் டயர்ல சாய்ஞ்சுக்கிட்டு நிலக்கடலை தின்னுக்கிட்டு இருக்கார். எங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கார்ணே.

அன்னைக்கு மணிபாரதி வேன்ல ஏறல. நடந்தே போனான்.

இதுல என் தப்பு என்ன? நீங்க வெளியாள், நியாயமாச் சொல்லுங்க. வசனம் உயிரோட இல்லைன்னேன். உயிர் குடுத்தேன். அவ்வளவுதான்.

அப்புறம் நடந்ததெல்லாம் பெரியவங்க விவகாரம். மணிபாரதியோட மாமா போலீஸ்ல சொல்ல, அவங்க வேனைக் கொண்டு போய் ஸ்டேஷன்ல நிறுத்த, முன்பக்கம் ஒரு லைட் மட்டும் புதுசா இருக்க, தவசி அண்ணன், "ப்ச், ஒண்ணுமில்ல சார், புளியமரக் கிளை விழுந்துச்சு"ன்னு சொல்ல... கைதாகி அப்புறம் ஜாமீன்ல வந்துட்டார். வேன் இல்லாததாலதான் நாங்கள்லாம் இப்ப இந்த பஸ்ல இடிபடுறோம்.

ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு நடந்துச்சு. இது யாருக்கும் தெரியாது. உங்களுக்கு மட்டும் சொல்றேன், ஏன்னா நீங்க யாரோ, நான் யாரோ. கொஞ்சம் கிட்ட வாங்க.

அந்த வெள்ளிக்கிழமை கருத்து பாதியில நின்னு போச்சுல்ல? எனக்குத் தூக்கம் வரல. சைக்கிளைப் பத்திக் கேட்கணும். முடிவைப் பத்தி இன்னும் சொல்லணும். மறுநாள் சனிக்கிழமை காலையில அவ வீட்டுக்குப் போன் போட்டேன். அவ அம்மா எடுத்தாங்க. ரேடியோன்னு சொன்னா குடுப்பாங்களா? செருமினேன். "யாரு, லோகிதா அம்மாவா? நான் எஸ்தர் மிஸ் பேசுறேன்மா. இது என் தங்கச்சி நம்பர். பிள்ளைக்கு உடம்பு எப்படி இருக்கு? கொஞ்சம் குடுங்க."

லோகிதா வந்தா. "மிஸ்"ன்னா. அப்புறம் பேச்சே இல்லை. மூச்சு மட்டும்.

"சொல்லு கண்ணு"ன்னேன். அவ்வளவுதான்ணே சொன்னேன். எஸ்தர் மிஸ்ஸோட "சொல்லு கண்ணு" எப்படின்னு உங்களுக்குத் தெரியாது. கல்லும் பேசும்.

"மிஸ், அது கதை இல்ல மிஸ்"ன்னா. "அவனுக்கு எப்படி மிஸ் தெரிஞ்சுச்சு? அப்பா அதையேதான் சொன்னார் மிஸ். அதே மாதிரி. நாய்தான், புஸ்தகத்தைப் பாருன்னு."

எனக்கு எப்படி இருந்திருக்கும், யோசிச்சுப் பாருங்க. ஒரு வார்த்தை மாறல! நான் அங்க இல்லை, பார்க்கல, யாரும் சொல்லல. ஆனா வார்த்தைக்கு வார்த்தை அதே! மேடையில எத்தனை கப்பு வாங்கினாலும் இதுக்கு ஈடாகுமா? இதை வெளிய சொல்லிக்க முடியலையேன்னுதான் எனக்கு வருத்தம்.

அவ நிறுத்தல. "அவர் சாகல மிஸ். நான் கண்ணாடியில பார்த்தேன். கையைத் தூக்கினார் மிஸ். வண்டி போகப் போகத் தூக்கிக்கிட்டே இருந்தார். நான் அப்பாகிட்டச் சொன்னேன். அப்பா வண்டியை நிறுத்தினார் மிஸ், பாலம் தாண்டி. ரொம்ப நேரம் நிறுத்தியிருந்தார். ஸ்டியரிங்ல தலையை வச்சுக்கிட்டு இருந்தார். நான் திரும்பிருவார்னு நினைச்சேன். அப்புறம் வீட்டுக்குப் போயிட்டோம் மிஸ். மணிபாரதிகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அதான் அவன் இருக்குற இடத்துல கதையா வாசிச்சேன். நீங்க ஏதாச்சும் கேட்பீங்கன்னு நினைச்சேன் மிஸ். இப்ப நான் என்ன பண்ணட்டும் மிஸ்? போலீஸ்ல சொல்லட்டுமா?"

நான் என்ன சொல்ல முடியும்? மிஸ் குரல்ல இருக்கேன். மிஸ் என்ன சொல்லுவாங்களோ அதைத்தானே சொல்லணும்? குரல்னா வெறும் சத்தம் இல்லைண்ணே, அந்த ஆள் மாதிரியே யோசிக்கணும். செருமிக்கிட்டுச் சொன்னேன், "ம்ம். கையைத் தூக்கினாருன்னு சொன்னியே, அது நல்ல இடம் கண்ணு. பாலம் தாண்டி நிறுத்தினதும் நல்ல இடம். அதையெல்லாம் விட்டுட்டியே, சேர்த்து எழுது. ஆட்டுக்குட்டியை எடுத்துரு."

அவ, "மிஸ்?"ன்னா.

"எழுதி முடிக்கிற வரைக்கும் வாயால யார்கிட்டயும் சொல்லாத கண்ணு. சொல்லிட்டா எழுதுறதுக்கு மிச்சம் இருக்காது."

இது நான் சொன்னது இல்லை, மிஸ்ஸோட சட்டம். எத்தனை வெள்ளிக்கிழமை சொல்லியிருக்காங்க! அவ, "சரிங்க மிஸ்"ன்னு சொல்லிட்டு வச்சுட்டா. நல்ல பிள்ளை, சொன்னா கேட்குற பிள்ளை.

மறுநாளே அவளைத் திருப்பூர்ல அத்தை வீட்டுக்குக் கொண்டு போய் விட்டுட்டாங்க. எஸ்தர் மிஸ் அவ வீட்டுக்கு நடையா நடந்தாங்களாம், கதவையே திறக்கலையாம். போலீஸ்காரம்மா ஒருத்தங்க திருப்பூர் போய் விசாரிச்சிருக்காங்க. என்ன கேட்டாலும் ஒரே பதில்தானாம்: "இன்னும் எழுதி முடிக்கலை மேடம்." இதை வக்கீல்தான் சிரிச்சுக்கிட்டே சொன்னார். "பிள்ளைக்கு மூளை கலங்கிருச்சுன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க, நமக்கு நல்லது, புரியுதா, புரியணும்."

ஆமாண்ணே, தவசி அண்ணனோட வக்கீல். உங்ககிட்டச் சொல்லலையா? நான் அவங்க பக்கத்து சாட்சி. ஏன்னா, அந்தப் பக்கம் கையில இருக்குறதே லோகிதா சொன்ன ரெண்டு வரிதானே? அதை எஸ்தர் மிஸ்ஸும் மணிபாரதியும் வந்து சொல்லுவாங்க. வக்கீல் எங்கிட்டக் கேட்டார், "அந்த நாய் வசனம் யாருது தம்பி?" நான் சொன்னேன், "என்னுது சார்!" அவருக்கு வாயெல்லாம் பல். "அப்ப நீ டிரைவரா நடிச்ச. கதையில டிரைவர் பிள்ளையும் பக்கத்துல இருக்கு. அந்தப் பொண்ணு பிள்ளையா நடிச்சு உனக்குப் பதில் வசனம் பேசினா. அவ்வளவுதானே நடந்தது?"

யோசிச்சுப் பார்த்தா அப்படியும் சொல்லலாம்தானே? வசனம் என்னோடது. நான்தான் முதல்ல சொன்னேன். அதுல மாற்றுக் கருத்து இருக்கா? அவ எழுதினது "ஐயோ இறைவா." நாயைக் கொண்டு வந்தது நான். நாளைக்கு யாராச்சும் அது தவசி அண்ணன் வசனம்னு சொன்னா நான் சும்மா விடுவேனா?

சைக்கிள்தான் இடிக்குதுன்னார் வக்கீல். கதையில இல்லாத சைக்கிள். "அதையும் நீயே முன்னாடி சொன்னேன்னு சேர்த்துக்க தம்பி, கோர்வையா இருக்கும்." பார்த்தீங்களா, நான் அன்னைக்கே குறிச்சு வச்ச அதே இடம்! அவரும் என்னை மாதிரிதான், கதையில எங்க ஓட்டைன்னு பார்த்த உடனே தெரிஞ்சிருது. சின்னத் திருத்தம். சேர்த்துக்கிட்டேன். ஜட்ஜ் முன்னாடி தவசி அண்ணன் குரல்ல பேசிக் காட்டச் சொல்லுவாராம். மைக் இருக்குமாண்ணே கோர்ட்டுல? மைக் இருந்தா அந்த "ப்ச்" இன்னும் நல்லா வரும்.

போன்ல சொன்னதை ஏன் சொல்லலைன்னு பார்க்குறீங்க. உங்க முகத்துலயே தெரியுது. அது எங்கிட்டச் சொன்னது இல்லையேண்ணே. மிஸ்கிட்டச் சொன்னது. மிஸ்கிட்டச் சொன்னதை நான் எப்படிக் கோர்ட்டுல சொல்லலாம்? மணிபாரதி போன வாரம் தண்ணிக் குழாய்கிட்ட வந்து நின்னான். அந்த வெள்ளிக்கிழமைக்கப்புறம் அவன் எங்கிட்டப் பேசினதே அன்னைக்குத்தான். "ரேடியோ, லோகிதா உங்கிட்ட வேற ஏதாச்சும் சொன்னாளாடா? யார் இடிச்சாங்கன்னு கூட வேணாம்டா. எங்கப்பா அப்ப உயிரோட இருந்தாரான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும். அம்மா உடனே போயிட்டார்னு சொல்லிக்கிட்டே இருக்கு. எனக்கு அது நம்பும்படியா இல்லடா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலடா"ன்னேன். பொய்யில்லை பாருங்க. எங்கிட்டச் சொல்லலதானே?

அவன் தலையை ஆட்டிட்டுப் போயிட்டான். பாவமாத்தான் இருந்துச்சு. கொஞ்சம் சிரிக்கட்டுமேன்னு பின்னாடியே போய் ஹெட்மாஸ்டர் குரல்ல, "யாரது குழாயை மூடாமப் போறது?"ன்னேன். திரும்பி வந்து குழாயை மூடிட்டுப் போனான். சிரிக்கல.

இந்த பஸ்லதான் இருக்கான். அதோ, டிரைவருக்குப் பின்னாடி, வெள்ளைச் சட்டை. பக்கத்து வரிசையில நீலச் சேலை கட்டிக்கிட்டு மஞ்சப்பையை மடியில வச்சிருக்காங்கள்ல, அதுதான் அவன் அம்மா. அவங்களும் கோர்ட்டுக்குத்தான். இந்த நேரத்துக்கு இது ஒரு பஸ்தானே? பயப்படாதீங்க, இந்தப் பாட்டுச் சத்தத்துல ஒண்ணும் கேட்காது. நான் ஏறும்போது அந்தம்மா எங்கிட்ட, "சாப்பிட்டியாப்பா?"ன்னு கேட்டாங்க. நான் அவங்க பக்கம் சாட்சி சொல்ல வர்றேன்னு நினைச்சுக்கிட்டாங்க போல. நானும் இல்லைன்னு சொல்லல. ஒருத்தங்க சந்தோஷமா நினைக்கிறதை எதுக்குக் கெடுக்கணும்?

கோம்பை தாண்டிருச்சு. இன்னும் கொஞ்ச தூரம்தான். நீங்க ஒண்ணுமே சொல்லலையேண்ணே. நல்லாருக்குன்னு மட்டும் சொல்லாதீங்க. எது நல்லாருக்கு, எது நம்பும்படியா இல்லைன்னு சொல்லுங்க. ஜட்ஜ் முன்னாடி எந்த இடத்துல நிறுத்தணும்? நாய்தான்னு சொன்னதுக்கப்புறம் கொஞ்சம் விட்டு...

அண்ணே? ஏன் எந்திரிச்சுட்டீங்க? ஸ்டாப்பு இன்னும் வரல. வண்டி வேகமாப் போகுது, கம்பியைப் பிடிங்க. எதுக்கு முன்னாடி போறீங்க? அது லேடீஸ் சீட்டுண்ணே. அங்க எடம் இல்லை. அண்ணே, இங்க வாங்க. உங்க பையை விட்டுட்டுப் போறீங்க. அண்ணே!

குனியாதீங்கண்ணே. அவங்ககிட்ட என்ன சொல்றீங்க? அது மிஸ்கிட்டச் சொன்னது. உங்ககிட்டச் சொன்னது இல்லை. நான் சும்மா பொழுது போகப் பேசினேன். கையைத் தூக்கினதெல்லாம் நான் சேர்த்ததுண்ணே, நல்லாருக்கட்டுமேன்னு சேர்த்தேன். யம்மா, அந்த ஆள் சொல்றதைக் கேட்காதீங்க, அவர் யாருன்னே தெரியாது!

டேய் மணி. உட்காருடா. எதுக்குடா எந்திரிச்சு வர்ற? உங்கம்மாவைப் பாருடா, அங்க விழுந்துடப் போறாங்க. இங்க வராதடா. அந்த ஆளுக்கு யார் சொன்னாங்களோ, எனக்கு என்னடா தெரியும்? ஏறினதுலருந்து இங்கேயேதான் உட்கார்ந்திருக்கேன். கேட்டுப் பாரு யாரை வேணும்னாலும். நான் வாயே திறக்கலடா.